தறி வந்தா பொறு

போன மாதம் சேலம்–நாமக்கல் சாலையில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். என்னையெல்லாம் கூப்பிடுகிறார்கள் என்றால் அங்கே எவ்வளவு ஆள் பஞ்சம் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். இயந்திரங்களைச் சோதித்துப் பார்க்கும் மென்பொருள் பற்றி நாற்பது நிமிடம் பேச வேண்டும். பொன்னாடை போர்த்தி, முன்வரிசையில் உட்கார வைத்து, ஏலக்காய் டீ கொடுத்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர் ஓர் இளம் விரிவுரையாளர், நல்ல சுறுசுறுப்பு. 'எப்படி எழுதக் கூடாது' என்று ஒரு தலைப்பைக் காட்டிவிட்டு அடுத்ததாக ஒரு படத்தைத் திரையில் போட்டார். அரங்கமே சிரித்தது.

படம் முழுக்கப் பெட்டிகள். பெட்டிகளுக்கு நடுவே மஞ்சளும் நீலமும் பச்சையுமாகக் கோடுகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி, சுற்றி, வளைந்து போயின. நடுவில் ஒரு பெட்டியின் பக்கத்தில் தமிழில் 'தறி வந்தா பொறு' என்று ஒரு குறிப்பு. விரிவுரையாளர் அந்த இடத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "இந்த மகான் யாருன்னு தெரியல. ஆனா இன்டர்நெட்ல ரொம்ப ஃபேமஸ்" என்றார். மறுபடியும் சிரிப்பு.

அந்த மகான் யார் என்று எனக்குத் தெரியும். அவர் பெயர் சல்மா. அந்தப் படத்தை முதன்முதலில் இணையத்தில் போட்டவன் யார் என்பதும் தெரியும். அவன் முன்வரிசையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தான்.

என் முறை வந்தபோது என்ன பேசினேன் என்று சரியாக ஞாபகமில்லை. ஏதோ பேசினேன், கைதட்டினார்கள், பிள்ளைகள் எதற்கும் கைதட்டுவார்கள். திரும்பும் வழியில் ஒரு டீக்கடை ஓரமாக ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் எங்கோ ஆயில் கசிந்து, வெயிலில் காய்ந்த மண்ணும் ஆயிலும் கலந்த அந்த வாசனை காருக்குள் வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். இருபத்து மூன்று வயதில் என் சட்டை, என் சாப்பாட்டு டப்பா, என் தலைமுடி எல்லாவற்றிலும் அந்த வாசனைதான் இருந்தது.

என் முதல் வேலை திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில், ரிக் வண்டிகளுக்கு ஹைட்ராலிக் பம்பு செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில். ஓமலூரில் எங்கள் வீடு. கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஆறு மாதம் சும்மா இருந்தவனை, மாமா ஒருவர் சிபாரிசு பிடித்து அங்கே சேர்த்துவிட்டார். நான் பெரிய மென்பொருள் நிறுவனத்துக்கே பிறந்தவன் என்றும், தற்காலிகமாக இந்த ஆயில் கடலில் நீந்துகிறேன் என்றும் அப்போது எனக்கு ஓர் எண்ணம். இரண்டு பஸ் மாறிப் போவேன். ஜன்னலோரம் உட்கார்ந்து ஆங்கிலத்தில் தடித்த புத்தகம் ஒன்றை விரித்து வைத்துக்கொள்வேன். முப்பது பக்கம் தாண்டியதில்லை.

அந்தப் பம்புகள் வடக்கே ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று எங்கெங்கோ போகும். நடுக்காட்டில் பம்பு படுத்துவிட்டால் வண்டியும் எட்டுப் பத்து ஆட்களும் சோற்றுக்கும் தண்ணீருக்கும் அல்லாடிக்கொண்டு அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு பம்பும் வெளியே போவதற்கு முன் சோதனை மேடையில் ஏறும். ஆயிலைச் சூடாக்கி, அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, நிமிடத்துக்கு எவ்வளவு ஆயில் தள்ளுகிறது, எங்கே சுடுகிறது என்றெல்லாம் பார்த்து, தேறியது அல்லது தேறவில்லை என்று கடைசியில் கம்ப்யூட்டர் சொல்லும். அதைச் சொல்ல வைக்கிற ப்ரோக்ராமைச் செய்தவர்தான் சல்மா.

சல்மா சேலத்துக்காரர். அவருடைய அத்தா பாத்திரக்கடை வைத்திருந்தார். என் வயதுதான், எலெக்ட்ரிகல் டிப்ளமோ. எனக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே சேர்ந்துவிட்டார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவருடைய அத்தா, "எம்மவ மெசினுக்குப் பரீட்ச வெக்கிறா" என்று சொல்லுவாராம். சல்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பில் பெருமை தெரியும்.

அவர் பயன்படுத்தியது வரிவரியாக எழுதுகிற மொழி இல்லை. படமாக வரைகிற கருவி. ஒரு பெட்டி அழுத்தத்தைப் படிக்கும், இன்னொரு பெட்டி அதைப் போன தடவையோடு ஒப்பிடும். இரண்டுக்கும் நடுவே மவுஸால் ஒரு கோடு இழுத்துவிட்டால் எண் அந்தக் கோடு வழியாகப் போய்ச் சேரும். கோடு என்று யாரும் சொல்லமாட்டார்கள், கம்பி என்பார்கள். திரையின் மேல் பக்கம் பல்பு மாதிரி ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் எல்லாம் மெதுவாகிவிடும். எண்கள் சின்னச் சின்ன மணிகளாகக் கம்பி வழியே உருண்டு போவது கண்ணுக்குத் தெரியும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது, ஆனால் அலுத்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன்.

மேடையை ஓட்டுகிறவர் சின்னராசு அண்ணன். நாற்பதைத் தாண்டியவர், மல்லசமுத்திரம் பக்கம் தோட்டத்து வீடு, வீட்டில் மேச்சேரி ஆடுகள் ஏழெட்டு. பள்ளிக்கூடத்தை எட்டோடு முடித்தவர். பம்பு ஓடும்போது உள்ளங்கையை அதன் மேல் வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அவருக்கும் சல்மாவுக்கும் ஒரு வேலைமுறை இருந்தது. வேறெங்கும் நான் அதைப் பார்த்ததில்லை. அண்ணன் ஏதாவது சொல்வார். சல்மா அதற்கென்று ஒரு பெட்டி போட்டுக் கம்பி இழுப்பார். அண்ணன் எந்த வார்த்தையில் சொன்னாரோ அதே வார்த்தையை மாற்றாமல் பெட்டியின் பக்கத்தில் எழுதி வைப்பார். 'ஆயில் பச்சத்தண்ணியா இருக்கு, ஓட்டாதே.' 'கூலர் மூச்சு விடட்டும்.' இப்படி.

இன்னொன்றும் உண்டு. ஷெட்டில் ஆயில் தொட்டி இடது பக்கம் என்றால் திரையிலும் இடது பக்கம்தான். மோட்டார் வடக்கே என்றால் திரையிலும் மேலே. ஆயிலை ஆற வைக்கும் கூலருக்குப் போகும் குழாய் சுவரைச் சுற்றிக்கொண்டு போகும், அதனால் திரையிலும் அந்தக் கம்பி எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு போகும். பல்பை அழுத்திவிட்டு அண்ணன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தபடி திரைக்கு முன் நிற்பார்.

"ஏனுங் அம்முணி, அதா பாருங்க, சூடு அந்த மூலைல போயி நின்னுபோச்சு. வால்வு தொறக்குலீங்க" என்பார். சொன்ன மாதிரியே ஷெட்டில் அதே மூலையில் அந்த வால்வு திறக்காமல் இருக்கும்.

இதெல்லாம் எனக்கு இப்போது புரிகிறது. அப்போது நான் பார்த்ததெல்லாம் நான்கு திரை அகலத்துக்கு நீண்டு கிடந்த ஒரு சிக்கலைத்தான். நல்ல வரைபடம் ஒரே திரையில் அடங்க வேண்டும், கம்பி கம்பியைத் தாண்டக் கூடாது என்று நான் படித்திருந்தேன். படித்தது எங்கே என்றால் மன்றத்தில்.

அந்தக் காலத்தில் சோதனைப் பொறியாளர்களுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம் இருந்தது. அதில் தமிழ்ப் பிள்ளைகள் தனியாக ஒரு மூலை பிடித்திருந்தோம். கோயம்புத்தூர், ஓசூர், சென்னை, வெளிநாட்டில் இருந்து சிலர். பேச்சு எங்கே தொடங்கினாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து போய் முடியும். படக்கட்சி, வரிக்கட்சி. படத்தில் இரண்டு பேர் ஒரே ப்ரோக்ராமில் வேலை செய்ய முடியாது, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாற்றினோம் என்று ஒப்பிட முடியாது, மவுஸைப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வலிக்கிறது, வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பித்தே முதலாளி திவாலாகிவிடுவார் என்று வரிக்கட்சி சொல்லும். நான்கு வேலை ஒரே நேரத்தில் நடப்பதைப் படத்தில் பார்த்தாலே தெரியும், வரியில் எழுதினால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும், வயரிங் தெரிந்த எவனும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வான் என்று படக்கட்சி சொல்லும். கடைசியாகச் சொன்னதுதான் வரிக்கட்சிக்கு ஆகாது. எவனும் கற்றுக்கொள்வான் என்றால் நாம் நான்கு வருஷம் படித்தது எதற்கு? யாரும் இப்படி வெளிப்படையாகக் கேட்கவில்லை. எல்லோருக்கும் அதுதான் உள்ளே இருந்தது. நான் வரிக்கட்சியில் கொள்கை பரப்புச் செயலாளர் மாதிரி.

மன்றத்தில் ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமையானால் யாராவது தம் கண்ணில் பட்ட மோசமான வரைபடம் ஒன்றைப் போடுவார்கள். வரைந்தவர் பெயரைச் சொல்லக் கூடாது, அதுதான் ஒரே நிபந்தனை. மற்றவர்கள் அதற்குப் பெயர் வைப்பார்கள். இடியாப்பம், தலைவாராத தலை, தீபாவளிக்கு மறுநாள் தெரு என்று. வாரம் முழுக்க வேலை பார்த்த களைப்பில் அது ஒரு பெரிய சந்தோஷம். நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் முதலாளியின் மகன், நாங்கள் சின்னவர் என்று சொல்வோம், மேடைக்கு வந்தார். ஒரு வாடிக்கையாளர் நம் பம்பு ஒரு வருஷமாகத் தொந்தரவு தரவில்லை என்று எழுதியிருந்தாராம். "சல்மாவோட வேலைதான் இது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு சல்மாவின் ப்ரோக்ராமை என் கம்ப்யூட்டரில் திறந்தேன். நான்கு திரையும் ஒன்றில் தெரிகிற அளவுக்குச் சுருக்கினேன். படம் எடுத்தேன். மன்றத்தில் என் புனைபெயரில் போட்டேன். 'கோலம் போடுகிறவர்களும் இன்ஜினியர்தானா?' என்று மேலே ஒரு வரியும் எழுதினேன்.

பொறாமைதான். இதற்கு வேறு பெயர் வைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

அன்றைக்கு மன்றம் பிய்த்துக்கொண்டு போனது. அதுவரை எந்தப் படத்துக்கும் அவ்வளவு பேர் சிரித்ததில்லை. எல்லோரும் பிடித்துக்கொண்டது அந்த 'தறி வந்தா பொறு'வைத்தான். இது ப்ரோக்ராமா விடுகதையா என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்ளப் போவதாகச் சொன்னார். யார் யாரோ படத்தை இறக்கி வேறு இடங்களுக்கு அனுப்பினார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓமலூரில் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்து மகிழ்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரிய ஆள் ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் புதிதாக ஒரு பதில் வந்தது. தமிழில் இருந்தது.

'இந்த வரைபடம் என்னுடையது. எந்த இடம் புரியவில்லை என்று சொன்னால் திருத்திக்கொள்கிறேன். சல்மா, சேலம்.'

அவர் அந்த மன்றத்தில் இருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. எழுதாமல் படித்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறார். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தார். கண் திரையில், கை மவுஸில், முகம் எப்போதும் போல. மன்றத்தில் ஒருவர் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டார். அதற்குப் பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை. எந்த இடம் புரியவில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பார்த்தால், யாருமே அதைப் புரிந்துகொள்ள முயலவில்லை.

சல்மா தினமும் சேலத்தில் பஸ் ஏறும்போது தட்டுவடை செட் வாங்கி வருவார். அந்த ஊர் தட்டுவடை செட்டைச் சாப்பிடாதவர்களுக்கு எப்படிச் சொல்வது! இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய கேரட், பீட்ரூட், காரச் சட்னி. கடையில் உடனே சாப்பிட வேண்டிய பண்டம். சல்மா எல்லாவற்றையும் தனித்தனியாகக் கட்டி வாங்கி வந்து, நான்கு மணிக்குச் சேர்த்து, அண்ணனுக்கு ஒரு பங்கு, எனக்கு ஒரு பங்கு வைப்பார். அன்றைக்கும் நான்கு மணிக்கு என் மேஜைக்கு வந்தார்.

"சட்னி இன்னைக்கு கொஞ்சம் காரம் ஜாஸ்திங்க. பாத்துச் சாப்பிடுங்க" என்றார். உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். நான் திரையில் எதையோ தீவிரமாகத் தேடுவது போல இருந்தேன். பிறகு போய்விட்டார். நான் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கியது என்பதைத்தான் இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.

சின்னவரும் அந்த மன்றத்தைப் படிக்கிறவர். புதன்கிழமை என்னைக் கூப்பிட்டு, "இது நம்ம டெஸ்ட் மேடைதானே? ஊரே சிரிக்குது" என்றார். நான் போட்டது என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. வரிக்கட்சியின் எல்லாக் காரணங்களையும் அவர் என்னிடமே அடுக்கினார். எல்லாம் நான் எழுதிப் பரப்பியவை. அதில் பாதி நியாயமானவையும்கூட. ப்ரோக்ராமை வரிமொழிக்கு மாற்றும் வேலையை எனக்குக் கொடுத்தார்.

சல்மா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சொல்லிக் குடுத்தா நானும் அந்த மொழியில எழுதக் கத்துக்கிறேனுங்க."

"பாக்கலாம்மா" என்று சின்னவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை. என் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் சல்மாவை ஸ்டோருக்கு மாற்றினார்கள். போல்ட், வாஷர், சீல் எல்லாம் எத்தனை இருக்கிறது என்று எழுதுகிற வேலை.

நான் இரண்டு மாதத்தில் எழுதி முடித்தேன். பார்க்க மிக அழகாக இருந்தது. தேவையில்லாத கிளைகளையெல்லாம் வெட்டித் தள்ளியிருந்தேன். முதல் நாள் சரியாக ஓடியது. பிறகு நல்ல பம்பையெல்லாம் தேறவில்லை என்று சொல்ல ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு குறையும் இருக்காது. மாட்டி ஓட்டினால் ஒரு தடவை தேறும், ஒரு தடவை தேறாது. அண்ணன் ஐந்தாவது பம்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பம்பு நல்லாத்தானுங் சாமி இருக்குது. எழுதுன எழுத்துலதான் என்னமோ உட்டுப்போச்சு. அந்த அம்முணிய ஒரு வார்த்த கேட்டா என்னங்க, கொறஞ்சா போயிருவீங்க?"

நான் கேட்கப் போகவில்லை. அவர்தான் போய் அழைத்து வந்தார். சல்மா கையில் ஸ்டோர் நோட்டோடு வந்து என் திரையைப் பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"தறி வந்தாப் பொறுக்கணுமுங்க. அது இதுல இல்ல" என்றார்.

நீங்கள் அந்தப் பக்கம் இருந்திருந்தால் உடனே புரிந்திருக்கும். சுற்றிலும் விசைத்தறிகள். அப்போது ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை கரண்ட் போகும். திரும்பி வந்ததும் அத்தனை தறியும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும். வோல்டேஜ் சரியும், எங்கள் மோட்டார் வேகம் குறையும், பம்பு தள்ளும் ஆயிலும் குறையும். கம்ப்யூட்டருக்கு அது பம்பின் குற்றமாகத் தெரியும். தறிச் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்து ஓட்ட வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். சல்மா அதற்கு ஒரு பெட்டி போட்டு, வோல்டேஜ் நிமிரும் வரை காத்திருக்க வைத்திருக்கிறார். ஊரெல்லாம் சேர்ந்து சிரித்த இடம் அதுதான். நான் குப்பை என்று முதலில் வெட்டியதும் அதைத்தான்.

வரிமொழியில் அது மூன்றே வரி. சேர்த்தேன். எல்லாப் பம்பும் ஒழுங்காகத் தேறின. சின்னவர் என் தோளில் தட்டினார். அது யார் சொன்னது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அடுத்த மாதம் சல்மா வேலையை விட்டார். கடைசி நாள் ஒவ்வொருவர் மேஜைக்கும் வந்து, "போயிட்டு வாரேனுங்க" என்றார். நான் எழுந்து நின்று, "சரிங்க" என்றேன்.

ஒரு வருஷம் கழித்து, சித்தி மகள் கல்யாணத்துக்குக் குடம் வாங்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சேலம் போனோம். அத்தனை கடை இருக்க அம்மா நேராக அந்தக் கடைக்குள்தான் நுழைந்தார். சல்மாவின் அத்தா என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஒரு தடவை தொழிற்சாலைக்கு வந்தபோது என்னைப் பார்த்திருக்கிறார். டீ வரவழைத்தார். குடத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே பேசினார்.

"ஓசூர்ல ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூவுக்குப் போனா தம்பி. போன வேகத்துல திரும்பி வந்துட்டா. என்னம்மான்னு கேட்டா, 'என் படத்தயே எனக்குக் காட்டி, இதுல என்னென்ன தப்புன்னு சொல்லச் சொல்றாங்கத்தா'ன்னு சிரிக்கிறா. யாரோ அத கம்ப்யூட்டர்ல போட்டு உட்டுட்டானாம். அதுக்கப்புறம் எங்கயும் போகல. எவன் செஞ்சானோ, அவனும் நல்லா இருக்கட்டும்."

முடிச்சுப் போட்டுக் குடத்தை என் கையில் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை நடந்தேன். அம்மா ஏதோ பேசிக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. சின்னவர் தொழிற்சாலையை மூடிவிட்டுக் கோயம்புத்தூர் போனார். அந்த ஷெட் இப்போது கோழித்தீவனக் கிடங்கு. மன்றம் ஆளில்லாமல் வற்றி, ஒரு நாள் திறக்கவில்லை. அந்தக் காலத்துப் பெரிய சண்டைக்காரர்கள் பலர் இப்போது சண்டையையே மறந்துவிட்டு, எழுதும் வேலையையும் கம்ப்யூட்டரிடமே விட்டுவிட்டார்கள். சல்மா செய்த ப்ரோக்ராமின் பிரதி என்னிடம் ஒரு பழைய டிஸ்கில் இருக்கிறது. வரிமொழியில் எழுதியதை எந்தக் காலத்திலும் எதிலும் திறந்து படிக்கலாம். இதை அந்தக் கருவியின் பழைய பதிப்பு இருந்தால்தான் திறக்க முடியும். அது ஓடுகிற கம்ப்யூட்டர் எங்கும் இல்லை. இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டேன். படக்கட்சி மேல் வரிக்கட்சி சொன்ன குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று. நாங்கள் சொன்னது சரியாகவே இருந்தது. சரியாக இருந்ததில் ஒரு பிரயோசனமும் இல்லை.

கல்லூரிக் கூட்டம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேலம் போனேன். இத்தனை வருஷம் கழித்துப் போகிறோமே என்று கடை வாசலில் கால் தயங்கியது. கல்லாவில் சல்மாதான் இருந்தார். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். முன்தலையில் நரை.

"அட, நீங்களா! வாங்க, வாங்க. அத்தாவுக்கு முட்டி வலி, ஊட்லதான் இருக்காரு. உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

நான் உட்காரவில்லை. வரும் வழியில் மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "அந்தப் படத்தப் போட்டது நான்தாங்க" என்றேன்.

"தெரியும்ங்க" என்றார். "படத்தோட மேல் ஓரத்துலயே பொடி எழுத்துல உங்க பேரு இருந்துச்சே. உங்க கம்ப்யூட்டர்ல தொறந்தா உங்க பேருதான வரும்."

"அப்ப ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். அதுக்குத்தான் தெனமும் நாலு மணிக்கு உங்க டேபிள்ல வந்து கொஞ்ச நேரம் நிப்பேன்." கல்லாப் பெட்டியின் மேல் இருந்த தூசியை விரலால் துடைத்தார். "அப்புறம் ஒரு நாள் விட்டுட்டேங்க."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்றுமில்லாத எதையாவது பேச வேண்டுமே என்று, என்னிடம் இருக்கும் டிஸ்க் எதிலும் திறக்கவில்லை என்றேன். சல்மா எழுந்தார். பிறகு ஏணி போட்டுப் பரணில் ஏறி, ஓர் அட்டைப் பெட்டியிலிருந்து பெரிய காகிதச் சுருள் ஒன்றை எடுத்து வந்தார். வேலையை விடுவதற்கு முன் தாள் தாளாக அச்சடித்து, ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கிறார். கடைத் தரையில் விரித்தோம். சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் நான்கு டம்ளர் வைத்தார்.

தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் கம்பிகளைத் தொட்டுத் தொட்டுப் போனார். "இது தொட்டி. இது மோட்டாரு. இது கூலருக்குப் போறது, ஆமா, சுத்திக்கிட்டுப் போகும்." குரல் பழைய குரலாகவே மாறியது. கீழ் மூலைக்கு வந்ததும் விரல் நின்றது. அங்கே ஒரு சின்னப் பெட்டியிலிருந்து நீலக் கம்பி ஒன்று தாள் முழுக்கக் கடந்து வலது கோடிக்குப் போயிருந்தது. பக்கத்தில் 'மூணு தட்டு' என்று எழுதியிருந்தது.

"இது எதுக்குங்க?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெட்டியை நான் பார்த்ததாகவே ஞாபகமில்லை. பார்த்து வெட்டியிருப்பேன்.

விரலால் அந்தக் கம்பியைக் கோடி வரை கொண்டுபோனார், திரும்பக் கொண்டுவந்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "காரணம் இல்லாம நான் ஒரு கம்பியும் இழுத்ததில்லைங்க. என்ன காரணம்னுதான் வரமாட்டேங்குது" என்றார். பிறகு முகம் தெளிந்து, "சின்னராசண்ணன் சொல்லித்தான் எழுதியிருப்பேன், அவரு வார்த்ததான் இது. நம்பர் வெச்சிருக்கீங்களா? போட்டுக் குடுங்க, கேட்டுருவோம்" என்று கையை நீட்டினார்.

அண்ணன் போன ஆடியில் காலமாகிவிட்டார். நான் அதைச் சொன்னேன்.

சல்மாவின் உதடுகள் சத்தமில்லாமல் எதையோ ஓதின. நீட்டிய கை அப்படியே தாளின் மேல் இறங்கி அந்தப் பெட்டியை மூடிக்கொண்டது.

"அப்ப இது இனிமே யாருக்கும் தெரியாதுங்க" என்றார்.